அந்த 840 ரூபா எங்கே போச்சு?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா போன் பண்ணார். "தம்பி, மருந்துக் கடையில நிக்கிறேன். என் கணக்குல பணம் போயிடுச்சு, இவங்களுக்கு வரலைங்கிறாங்க." அம்மாவோட சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, மொத்தம் 840 ரூபா. கடையில இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கல. அப்பா கையில காசும் இல்ல. "போன் இருக்கும்போது பர்ஸ் எதுக்குப்பா"ன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அந்தப் பணம் எங்கே போச்சுன்னு பார்ப்போம்.

நோட்டைக் கொடுத்தா ரெண்டே பேர்தான், கொடுக்கிறவர், வாங்குறவர். யூபிஐ-ல ஒரு ஊர்வலமே இருக்கு. க்யூஆர்-ல இருந்து கடைக்காரரோட ஐடியை ஆப் படிக்குது. நாம பின் போட்டதும் அந்தக் கோரிக்கை, ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற ஒரு பேங்க் வழியா என்பிசிஐ-க்குப் போகுது. அவங்க நம்ம பேங்க்கிட்ட "கழி"ங்கிறாங்க. கழிச்சாச்சுன்னு பதில் வந்தா, கடைக்காரரோட பேங்க்கிட்ட "வரவு வை"ங்கிறாங்க. அந்தப் பதிலும் திரும்பி வரணும். எல்லாம் சில விநாடியில. 2016-ல தொடங்கின இது இவ்ளோ சாதாரணமா ஆனது, ஒரு என்ஜினியரா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

ஆனா கழிக்கிறதுக்கும் வரவு வைக்கிறதுக்கும் நடுவுல ஒரு சர்வர் பேசாம இருந்துட்டா பணம் தொங்கும். வரவு ஆகி, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருக்கலாம். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தா யாராவது ஒருத்தருக்கு நஷ்டம். அதனால பேங்குகள் அப்புறமா கணக்கை ஒத்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணும். ரிசர்வ் வங்கியோட 2019 விதிப்படி, கடைக்குக் கட்டின பணம் இப்படி மாட்டினா 5 நாளைக்குள்ள தானா திரும்பணும். தாண்டினா நாளைக்கு 100 ரூபா இழப்பீடு.

நல்ல விதிதான். மாத்திரை அன்னிக்கு ராத்திரியே வேணுமே?

ஸ்கேன், பின், முடிஞ்சுதுன்னு நமக்குத் தெரியுது. அத்தனை சிக்கலும் திரைக்குப் பின்னாடி இருக்கு. அது உடையும்போது, அறுபது தாண்டின ஒருத்தர் கவுன்டர்ல நின்னு "நான் கட்டிட்டேன் சார்"னு கெஞ்ச வேண்டியிருக்கு. முன்னாடி அதே தெருவுல இருந்த கடைக்காரர்னா "நாளைக்குக் கொடுங்க"ன்னு நோட்டுல எழுதியிருப்பார். (கடன் நோட்டுலயும் அவமானம் இருந்துச்சு, மறுக்கல.) இங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல பணம் ஏறினாத்தான் மாத்திரை கைக்கு வரும். கவுன்டர்ல நின்ன பையன் என்ன பண்ணுவான், பாவம்.

கடைசியில நான் இங்கேயிருந்து கடைக்கு 840 அனுப்பினேன். அதே யூபிஐ-லதான்! சேர்ந்துச்சு. அப்பாவோட பணம் மூணாம் நாள் திரும்பி வந்துச்சு.

ஒரு வேடிக்கை பாருங்க. 2022-ல யூபிஐ லைட்னு ஒண்ணு வந்துச்சு. சின்னத் தொகையைப் போன்லயே ஒதுக்கி வெச்சுக்கலாம், பின் வேணாம், ஒவ்வொரு டீக்கும் பேங்க்கோட மெயின் சிஸ்டத்தைத் தட்ட வேணாம். யோசிச்சா, சட்டைப் பையில சில்லறை வெச்சுக்கிறதேதான்.

அப்பா இப்போ போன் கவருக்குள்ள ரெண்டு 500 ரூபா நோட்டை மடிச்சு வெச்சிருக்கார். நானும்.