வைரஸ் தாக்கிய கல்லீரலும் உயிர் காக்கும்: எப்படி?

பழவேற்காடு:
பழவேற்காடு ஏரிக்கரை மீனவ குப்பங்களில் காமாலை என்றாலே பலருக்கும் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் சத்தமில்லாமல் கல்லீரலை அரித்து விடும். முற்றினால் மாற்று கல்லீரல்தான் வழி. அது கிடைப்பதோ அரிது.

சி வைரஸ் உள்ளவரின் கல்லீரலை, வைரஸ் இல்லாத நோயாளிக்கு வைக்க டாக்டர்கள் முன்பு தயங்கினர். 2013-க்கு பிறகு வந்த புதிய மாத்திரைகள் நிலைமையை மாற்றின. அமெரிக்காவில், அதிகம் கெடாத அந்த கல்லீரலை நோயாளியின் சம்மதத்தோடு பொருத்தி, சுமார் 12 வாரம் மாத்திரை கொடுக்கின்றனர். 100-ல் 95 பேருக்கு வைரஸ் ஒழிந்து விடுகிறது.

பி வைரஸ் வந்து போனவரின் கல்லீரலும் உதவும். ஆனால் பெற்றவர் தடுப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது.

2018-ல் தொடங்கிய தேசிய திட்டப்படி அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆபரேஷன் வரை போகாமல் இருக்க, இப்போதே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடறது நல்லது.