பயிர்ச் சேதத்தைப் படத்துடன் அறிவித்தல்

நெல்வயலிற் பயிர் கருகிவிட்டதெனக் கமக்காரர் ஒருவர் அறிவிக்குமிடத்து, அச்செய்தி விரிதாளின் ஒரு கட்டத்திலே "கருகல்" என்னும் ஒற்றைச் சொல்லாகப் பதியப்படுவதுண்டு. ஏக்கரையும் புசலையும் கூட்டிக் கணக்கிடுவதற்கு விரிதாள் மிகவும் ஏற்றதே. ஆயினும் கருகல் என்பது ஒரு நோயன்று. எரிபந்தம் பங்கசினாலும், இலை வெளிறல் பற்றீரியாவினாலும், தத்தியெரிவு கபிலநிறத் தத்தி என்னும் பூச்சியினாலும் உண்டாகின்றன. எட்ட நின்று பார்ப்போர்க்கு மூன்றும் கருகலே.

இத்தவறினால் விளையும் நட்டம் சிறிதன்று. எரிபந்தம் பற்றிய வயலுக்குப் பூச்சிநாசினி தெளித்தால் நோய் தணியாது. பணம் வீணாவதோடு, தத்திகளைப் பிடித்துண்ணும் சிலந்திகளும் மடிந்துபோக, இல்லாதிருந்த தத்தித் தொல்லையும் வந்து சேரக்கூடும்.

இக்குறையை நீக்கப் படங்களையும் வரைபடங்களையும் ஏற்கும் இலத்திரனியல் படிவங்கள் பயன்படுகின்றன. கையடக்கத் தொலைபேசியில் நிரப்பும் இத்தகைய படிவங்களை ஆக்குதற்குரிய ஓ. டி. கே. என்னும் மென்பொருள், 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. இதில் விடைகளைச் சொற்களாக மட்டுமன்றிச் சிறு படங்களாகவும் அமைக்கலாம். செய்கையாளர் தம் பயிரை ஒத்த படத்தைத் தொட்டாற் போதும். எடுத்த படத்தின் மேல் விரலாற் கோடிட்டுக் காட்டலாம். வயல் இருக்குமிடத்தையும் படிவத்திற் பதியலாம். தொடர்பு கிடையாத வெளியில் நிரப்பி வைத்து, தொடர்பு கிடைத்தபின் அனுப்பவும் இயலும். வியப்பு யாதெனில், இப்படிவத்தின் வினாக்கள் பெரும்பாலும் விரிதாளிலேயே எழுதப்படுகின்றன. முடிவில் தொகைகளும் விரிதாளுக்கே செல்கின்றன. வயலிலிருந்து செய்தி வரும் வழியில் மட்டுமே அது விலக்கப்படுகின்றது.

இத்தகைய படிவம் வழங்கப்படுமிடங்களில் இலையை மட்டும் படம்பிடித்து அனுப்புதல் போதாது. எரிபந்தமாயின், இரு முனையும் கூர்ந்து நடுவில் சாம்பல் நிறமான புள்ளி தெரியவேண்டும். இலை வெளிறலாயின், நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி அலைபோன்ற விளிம்புடன் பரவும் மஞ்சள் நிறம் தெரியவேண்டும். தத்தியோ இலையிற் காணப்படுவது அரிது. நெற்பற்றையை இரு கையாலும் விலக்கி, நீர்மட்டத்திற்குச் சற்று மேலுள்ள அடித்தண்டைப் படம்பிடித்தல் வேண்டும். அளவு விளங்குமாறு அருகில் ஒரு நாணயத்தை வைத்தல் நன்று.

வரைபடம் அழகாயிருக்கவேண்டியதில்லை. வரம்பு, வாய்க்கால், கருகிய பகுதி ஆகிய மூன்றும் இருந்தாற் போதும். தத்தியெரிவு வட்டத் திட்டுகளாகத் தோன்றுவதால், வயல் முழுவதையும் ஒருசேரக் காட்டும் வரைபடமே அதனை முதலில் வெளிப்படுத்தும்.

மிளகாய்ச் செய்கையாளர்க்கும் இது பொருந்தும். "இலை சுருண்டது" என்று எழுதினால், சுருண்ட திசை மறைந்துவிடுகின்றது. பனிப்பூச்சி தாக்கிய இலை மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கியது கீழ்நோக்கிச் சுருளும். இவ்விரண்டிற்கும் மருந்து வேறு. ஆகவே செடியைப் பக்கவாட்டில் படம்பிடித்து, சுருளின் திசையை ஓர் அம்புக்குறியாற் காட்டுதல் வேண்டும். இலையின் அடிப்புறத்தையும் தனியே ஒரு படமாகச் சேர்க்கலாம்.

படிவத்தை அனுப்பியபின், விவசாயப் போதனாசிரியர் வயலைப் பார்வையிடும்வரை அப்படங்களைத் தொலைபேசியிலிருந்து அழித்தலாகாது; தாக்கப்பட்ட செடிகளையும் பிடுங்காது விட்டுவைத்தல் வேண்டும்.