தண்டவாளம் ஓரமா வாக்கிங் போகலாமா? 'ரயில் டிரெயில்' என்றால் என்ன?

பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியா தினமும் ரயிலில் போறவங்களுக்குத் தெரியும். தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை போகும். காலையில் வாக்கிங், ஷிப்ட்டுக்குக் குறுக்கு வழி, மாலையில் ரீல்ஸ். ஆனா இது சட்டப்படி சரியா?

ரயில் டிரெயில் என்றால் என்ன?

ரயில் ஓட்டம் நிரந்தரமாக நின்றுபோன பாதையை, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றுவதுதான் 'ரயில் டிரெயில்'. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் - உட்லண்ட்ஸ் இடையே 2011-ல் ரயில் நின்றது. அந்த 24 கி.மீ. பாதை இப்போது மக்கள் நடக்கும் பசுமை வழி.

கும்மிடிப்பூண்டி பாதை அப்படியா?

இல்லை. இது சென்னையை டெல்லி, ஹவுராவோடு இணைக்கும் மெயின் லைன். புறநகர் ரயில், எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில் எல்லாம் இதில்தான்.

ஓரமா நடந்தாலும் தப்பா?

ஆமாம். ரயில்வே சட்டம் 1989-ன்படி, எல்லைக் கல்லுக்குள் இருக்கும் நிலம் முழுக்க 'ரயில்வே'தான். அனுமதியின்றி நுழைந்தால், பிரிவு 147-ன்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

என்ன ஆபத்து?

மின்சார ரயில் வரும் சத்தம் கிட்ட வரும்வரை கேட்காது. ஒரு ரயில் கடக்கும் இரைச்சலில், அடுத்த லைனில் வரும் ரயில் தெரியாது. வேகமாக வரும் ரயிலை டிரைவர் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். செல்ஃபிக்காக வேகன் மேல் ஏறினால், கம்பியைத் தொடாமலேயே ஷாக் அடிக்கும்.

டிரெயிலில் எப்படி நடக்கணும்?

* இடப்பக்கமா போங்க. கும்பலா வழியை அடைக்காதீங்க.
* சைக்கிளில் போறவங்க பெல் அடிச்சு, வேகம் குறைச்சு, நடப்பவருக்கு வழி விடுங்க.
* இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம்.
* நாயைக் கயிற்றில் பிடிங்க. குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க.
* பக்கத்து வயலில் இறங்காதீங்க.

இந்தப் பழக்கம் ஏரிக்கரை, கிராமச் சாலைக்கும் பொருந்தும். நம்ம ஊரில் வாக்கிங்குக்கு அதுதான் சரியான இடம். தண்டவாளத்தைக் கடக்கணுமா? நடைமேம்பாலம், சுரங்கப்பாதை, திறந்திருக்கும் கேட் மட்டும்தான் வழி. தண்டவாளத்தில் ஏதாவது கிடப்பதைப் பார்த்தால், உடனே கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ சொல்லுங்க. ரயில்வே உதவி எண் 139.

மேம்பாலம் ஏறி இறங்க ஐந்து நிமிஷம் கூடுதலா ஆகலாம். ஷிப்ட்டுக்கு லேட்டானா சமாளிச்சுக்கலாம். வீட்டுக்குத் திரும்புவதுதான் முக்கியம்.