எக்செல் தேதியை எண்ணும் விதம்

2024 ஜனவரி 15 அன்று எத்தனை ரசீதுகள் பதிவாயின என்று எக்செலில் கேட்டால் சில நேரம் பூஜ்யம் என்று பதில் வரும். ரசீதுகளோ கண்ணெதிரே வரிசையாக நிற்கும். உடனே ஃபார்முலாவைக் கலைத்து மறுபடி எழுதத் தொடங்குகிறோம். பெரும்பாலும் அது வீண் வேலை. பார்க்க வேண்டியது செல்லுக்குள் இருப்பதை. எக்செலைப் பொறுத்தவரை தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என வைத்து அது நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2024 ஜனவரி 15 என்பது 45306. நேரம் அந்த எண்ணின் பின்னம்: அன்று நண்பகலில் போட்ட ரசீது 45306.5. திரையில் தேதி மட்டும் தெரியும்படி வைத்திருந்தாலும் உள்ளே அந்த அரை இருக்கத்தான் செய்யும். 45306-க்குச் சமமானதை எண்ணச் சொன்னால் கவுண்ட்இஃப் அதை ஒதுக்கிவிடுகிறது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும்: கவுண்ட்இஃப்ஸில் 45306 அல்லது அதற்கு மேல், ஆனால் 45307-க்குக் கீழ் என இரண்டு நிபந்தனை. மாதக் கணக்குக்கும் இதே முறைதான். ‘மார்ச் 31 வரை’ என்று எழுதினால் அன்று பகலில் பதிவானவை விடுபடும். ‘ஏப்ரல் 1-க்கு முன்’ என்று எழுதினால் எதுவும் விடுபடாது.

மாத எண்ணைப் பிரித்துத் தரும் மன்த் ஃபங்ஷன் இருக்கும்போது இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஃபங்ஷன் காலி செல்லைப் பூஜ்யமாகக் கொள்கிறது. எக்செலில் பூஜ்யத்தின் மாதம் ஜனவரி. நிரப்பாத வரிகளெல்லாம் ஜனவரிக் கணக்கில் ஏறிவிடும். கூகுள் ஷீட்ஸில் பூஜ்யம் 1899 டிசம்பர் 30 என்பதால் அங்கே டிசம்பர் ஊதும். இரண்டு எல்லை வைக்கும் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லை சரியாக இருந்தும் எண்ணிக்கை குறைந்தால், தேதி எண்ணாக மாறாமல் எழுத்தாகவே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இஸ்நம்பர் ஃபங்ஷன் அதைச் சொல்லிவிடும். இதில் எனக்கு மிக ஆபத்தாகப் படுவது வேறொன்று. நாள் முதலில் வரும்படி தேதி எழுதிய சிஎஸ்வி கோப்பை அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தால் 13/04/2024 எழுத்தாக நின்றுவிடும். 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். அதுவும் எண்தான் என்பதால் இஸ்நம்பர் அதைக் காட்டிக்கொடுக்காது. எழுத்தாக நின்றவற்றை மட்டும் திருத்தினால் மாதத்தின் முதல் 12 நாள்களில் பல தவறாகவே தங்கிவிடும். மூலக் கோப்பிலிருந்து, நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டும்.