இருட்டில் கரைந்த நம்பர்

மோதிவிட்டுப் பறந்த வண்டியின் எண் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 28 லட்சம் ரூபாய். கிடைக்காவிட்டால் 2 லட்சம். இரண்டுக்கும் நடுவே இருப்பவை டாஷ்போர்டு கேமிராவின் மங்கலான சில காட்சிகள்.

இந்த வகை வீடியோக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. கறுத்த நெடுஞ்சாலை, முன்னால் ஓடி வரும் வெள்ளைக் கோடுகள், காருக்குள் எஃப்.எம். பாட்டு. வலப்புறமாக ஒரு வண்டி சீறிக்கொண்டு முந்துகிறது. எதிலோ இடிக்கும் சத்தம். யாரோ அலறுகிறார்கள். முந்திய வண்டி நிற்கவில்லை. அதன் பின்பக்கத்தில், நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில், ஒடிந்த ட்யூப்லைட் போல ஒரு வெள்ளைக் கட்டம் ஒளிர்கிறது. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினால் சின்ன வெள்ளைக் கட்டம் பெரிய வெள்ளைக் கட்டமாகிறது. அவ்வளவுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் நாடு முழுவதும் 67,387 விபத்துகளில் மோதிய வண்டி நிற்காமல் ஓடியிருக்கிறது. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். அந்த ஆண்டு சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் ஆறில் ஒருவருக்கும் மேல்.

ஓடிய வண்டி எது என்று தெரிவதும் தெரியாமல் போவதும் குற்றவாளிக்கு மட்டுமான விவகாரம் அல்ல. முப்பது வயதில், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்துவந்த ஒருவர் மனைவியையும் ஒரு குழந்தையையும் விட்டு இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோதிய வண்டி தெரிந்தால் வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். சுப்ரீம் கோர்ட் 2009லும் 2017லும் வகுத்துத் தந்த கணக்கின்படி, சொந்தத் தொழில் செய்பவரின் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவரது சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, அந்த வயதுக்கு உரிய 17ஆல் பெருக்கினால் 28,56,000 ரூபாய் வருகிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி இதைக் கொடுத்தாக வேண்டும். வண்டி தெரியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161வது பிரிவு. அதன்படி மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. இதுவே 2022 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்ட தொகைதான்; அதற்கு முன்பு 25,000மும் 12,500மும்.

அந்தச் சிறு தொகையும் போய்ச் சேருவதில்லை என்பது தனிக்கதை. கோவை அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012ல் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், ஐந்தாண்டுகளில் 660 மரணங்களுக்கும் 113 காயங்களுக்கும் மட்டுமே இழப்பீடு தரப்பட்டிருந்ததைக் கவனித்தது. இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீசாரே தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆக, அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. அது ஏன் வெள்ளையாக இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், இரவில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மேல்தாள், தன்மீது விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் காரின் ஹெட்லைட் வெளிச்சம் நேராக அந்தக் காருக்கே திரும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் ஒட்டிய கேமிரா. இருட்டுச் சாலைக்காகத் தன் கண்ணை அகலத் திறந்துவைத்திருக்கும் கேமிராவால் இந்த வெளிச்சத்தைத் தாங்க முடிவதில்லை. கறுப்பு எழுத்துகளின் மீதும் வெள்ளை வழிந்து மூடிவிடுகிறது. மனிதக் கண் நொடியில் சமாளித்துக்கொள்ளும் விஷயம். மலிவான சென்சாருக்கு அது கைவராது.

அடுத்த எதிரி வேகம். பகலில் ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் திறந்திருக்காது. இரவில் முப்பதில் ஒரு பங்கு வரை திறந்திருக்கும். குறுக்கே 60 கி.மீ. வேகத்தில் கடக்கும் கார் அந்த நேரத்துக்குள் 55 செ.மீ. நகர்ந்துவிடும். காரின் நீள நம்பர் பிளேட்டோ 50 செ.மீ. அகலம்தான். அதாவது ஒரே படத்துக்குள் முழு பிளேட்டும் தன் நீளத்துக்கு மேல் இழுபட்டுப் போகிறது.

மூன்றாவது, விளம்பரம் சொல்லாத சங்கதி. முழு ஹெச்.டி. படத்தின் அகலம் 1,920 புள்ளிகள். டாஷ்கேம் லென்ஸ் பக்கவாட்டில் 120 டிகிரி காட்சியை அதற்குள் அடைக்கிறது என்றால், 10 மீட்டர் முன்னால் போகும் காரின் பிளேட்டுக்குக் கிடைப்பது சுமார் 46 புள்ளிகள். அதில் பத்து எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஐந்து புள்ளிகூட இல்லை. போதாக்குறைக்கு, மெமரி கார்டில் இடத்தை மிச்சப்படுத்த வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், இருட்டான பகுதிகளின் நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறியும்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணை மீட்க முடிகிறது. எப்போதும் அல்ல, சில சமயம்.

தடயவியல்காரர் முதலில் தேடுவது தெளிவான படத்தை அல்ல, சரியான கணத்தை. முந்திய வண்டி விலகிப் போகும்போதோ வளைவில் திரும்பும்போதோ ஹெட்லைட் அதன்மீது விழுவது குறைகிறது. வெளிறிப் போயிருந்த பிளேட் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் இருட்டில் மறைகிறது. வெளிறலுக்கும் இருட்டுக்கும் நடுவே ஓரிரு பிரேம்களிலாவது வெளிச்சம் சரியான அளவில் இருந்தாக வேண்டும். விநாடிக்கு முப்பது வீதம் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்ப்பது அதற்காகத்தான். எல்லாப் பிரேம்களிலும் பிளேட் முழு வெள்ளையாகவே இருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் பயனில்லை. அங்கே எழுத்து மறைந்திருக்கவில்லை, பதிவாகவே இல்லை.

நல்ல பிரேம்கள் பத்துப் பதினைந்து கிடைத்தால், ஒவ்வொன்றிலும் பிளேட்டின் நான்கு மூலைகளையும் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பார்கள். இரவுப் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் மாறுபவை; எழுத்து மாறாது. பதினாறு பிரேம்களை அடுக்கினால் அந்த மணல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இழுபட்ட படத்தைச் சீர்செய்யவும் கணிதம் உண்டு. எவ்வளவு தூரம், எந்தத் திசையில் இழுபட்டது என்று தெரியவேண்டும். அதற்கான தடயம் படத்திலேயே இருக்கும்: டெயில் லைட்டின் சிறு ஒளிப்புள்ளி கோடாக நீண்டிருக்கும். அந்தக் கோடுதான் அளவுகோல்.

எழுத்துகளைப் படிப்பதிலும் தர்க்கம் இருக்கிறது. பக்கவாட்டில் இழுபட்ட படத்தில் நெட்டுக் கோடுகள் கரைந்துவிடும். படுக்கைக் கோடுகள் தப்பிக்கும். எனவே நடுவில் குறுக்குக்கோடு தெரிந்தால் அது பூஜ்யம் அல்ல, எட்டாக இருக்கலாம். முதல் இரண்டு எழுத்துகள் ஏதோ ஒரு மாநிலத்தின் குறியீடாகத்தான் இருக்க முடியும். வெளிறிய பிளேட்டின் ஓரத்தில் மஞ்சள் கசிந்தால் அது சொந்தக் கார் அல்ல, வாடகை வண்டியோ சரக்கு வண்டியோ. ஆனால் பிளேட் எழுதுகிறவர்களின் கைவண்ணத்தை இந்தத் தர்க்கம் சமாளிக்காது. 8055 என்ற எண்ணை வளைத்து நெளித்து ‘பாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லாக்கிக்கொள்ளும் பெருமகன்கள் வட இந்தியச் சாலைகளிலும் மகாராஷ்டிரத்திலும் ஏராளம்.

நேர்மையான முடிவு பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். ஏழு எழுத்து உறுதி, ஒன்று 3 அல்லது 8, இரண்டு தெரியவில்லை என்பதுபோல. இதில் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. இரண்டு இலக்கம் தெரியாவிட்டால் சாத்தியங்கள் நூறு. 3, 8 சந்தேகத்தையும் சேர்த்தால் இருநூறு. நாடு முழுவதற்குமான ‘வாகன்’ பதிவேட்டில் அவற்றைத் தேடி, வெள்ளை நிறம், இன்ன மாடல் என்று வடிகட்டினால் நான்கைந்து வண்டிகள்தான் மிஞ்சும். அந்த நான்கைந்து வீட்டு வாசல்களுக்குப் போய் உடைந்த பம்பரைத் தேடுவது போலீஸ்காரர் வேலை.

ஆனால் அரை எண்ணோடு நிறுத்திக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. இப்போது செல்போனிலேயே கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கல் படத்தை ஒரு நிமிடத்தில் கண்ணாடியாக்கித் தருகின்றன. பத்து எழுத்தும் அச்சடித்ததுபோல் தெரிகின்றன. ஆபத்தே அங்குதான். அந்தச் செயலி மறைந்ததை வெளியே கொண்டுவரவில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், அந்த இடத்தில் எது இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. ஒரு பூனையின் மீசையை இப்படி வரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு 3ஐ 8ஆக வரைந்தால், அந்த இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் ஸ்டேஷனுக்குப் போக நேரிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டி நீதிமன்றம் 2024 மார்ச்சில், ஒரு கொலை வழக்கில் எதிர்த்தரப்பு கொண்டுவந்த, செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றப்பட்ட செல்போன் வீடியோவை ஏற்க மறுத்துவிட்டது.

மனிதக் கண்ணும் இதே தவறைச் செய்யும். சந்தேகப்படும் வண்டியின் எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பார்ப்பவருக்கு அந்த எண்தான் தெரியும். அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் இருவரைத் தனித்தனியே படிக்கச் சொல்லி ஒப்பிடுவது நல்ல முறை. அதைவிடக் கறாரான சோதனையும் உண்டு: பிடிபட்ட வண்டியை அதே கேமிராவின் முன்னால், அதே தூரத்தில், அதே இருட்டில் ஓட்டிப் பதிவுசெய்து, இரண்டு மங்கலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

கோர்ட்டுக்குப் போகும்போது மங்கலான மூலப்பதிவுக்குத்தான் மரியாதை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சிய அதினியத்தின் 63வது பிரிவு, மின்னணுப் பதிவோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. ஒன்றைக் கருவியின் பொறுப்பாளரும் மற்றதை நிபுணரும் தரவேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ‘ஹேஷ்’ எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ மறுபடி சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகிவிடுகிறது. மிச்சமிருந்த நுணுக்கமும் அத்தோடு போச்சு.

சில நேரம் எண்ணைத் தேடவேண்டிய இடம் அந்த வீடியோவே அல்ல. 2025 ஆகஸ்ட்டில் நாக்பூர் அருகே ஒரு லாரி மோதி, கணவனுடன் பைக்கில் சென்ற பெண் இறந்தார். கணவருக்கு நினைவிருந்தது லாரியில் சிவப்பாக ஏதோ இருந்தது என்பது மட்டுமே. நாக்பூர் ஊரகப் போலீசார் அந்தச் சாலையின் மூன்று சுங்கச்சாவடிக் கேமிராப் பதிவுகளை மகாராஷ்டிர அரசின் ‘மார்வெல்’ என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பிடம் கொடுத்தனர். அது எதையும் வரையவில்லை. சிவப்பு அடையாளமுள்ள லாரிகளைப் பிரித்தெடுத்தது; அவை சாவடிக்குச் சாவடி போன வேகத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் விபத்து நடந்த இடத்தில் எது இருந்திருக்க முடியும் என்று சுட்டியது. 36 மணி நேரத்துக்குள் சுமார் 700 கி.மீ. தொலைவில், கான்பூர் நெடுஞ்சாலையில் லாரி பிடிபட்டது. லாரிகள் மெதுவாகப் போகும், விளக்கு எரியும் சுங்கச்சாவடியில் எண் தெளிவாகத்தான் இருக்கும். டாஷ்கேம் தரவேண்டியது நேரமும் இடமும் வண்டியின் அடையாளமும்தான்.

அதற்கும் அந்தப் பதிவு மிஞ்சியிருக்க வேண்டும். 32 ஜி.பி. மெமரி கார்டில் முழு ஹெச்.டி. வீடியோ சுமார் ஐந்து மணி நேரம்தான் நிற்கும். அதன்பின் பழையதன் மேலேயே புதியது பதிவாகும். மோதல் அதிர்ச்சியை உணர்ந்து கோப்பைத் தானாகப் பூட்டும் வசதி கேமிராக்களில் உண்டு. ஆனால் அடிபட்ட காருக்குத்தான் அதிர்ச்சி. பின்னால் வந்து எல்லாவற்றையும் பார்த்த சாட்சியின் காருக்கு இல்லை. அந்தக் கேமிராவில் பூட்டு விழ, ஓட்டுநர் அதற்கான பட்டனைக் கையால் அழுத்த வேண்டும், அல்லது கார்டை உருவி எடுக்க வேண்டும். விடியும்வரை ஓட்டி வீடு சேர்ந்து பார்க்கிறவருக்குக் கிடைப்பது காலியான நெடுஞ்சாலையின் ஐந்து மணி நேரக் காட்சி.