டி-க்குக் கீழே ஓர் எழுத்து

விம்கோ நகர் மெட்ரோ அருகே டீக்கடை. பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பத்தோடு குன்னூர் போய் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இறங்கும்போது பர்லியார் தாண்டல தம்பி, கருகுற நாத்தம். கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில எது கருகுதுன்னு புரியல."

கருகியது பிரேக் பேட். ஆட்டோமேட்டிக் கியரை மலை முழுக்க டி-யிலேயே போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. திருவொற்றியூர்ப் பக்கம் நமக்குத் தெரிந்த மலை, மேம்பாலம்தான். பி, ஆர், என், டி போதும் என்றே பழகிவிட்டோம்.

கடை பாய்லரைக் காட்டினேன். மேட்டுப்பாளையத்தைவிடக் குன்னூர் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆளும் பெட்டியுமாக 1,200 கிலோ வண்டி அவ்வளவு தூரம் கீழே இறங்கினால், அந்த ஆற்றலில் ஏறக்குறைய 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சச் சூட்டை எல்லாம் பிரேக் தலையில் கட்டினால்? புது டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. நாள்பட்டு ஈரம் ஏறியதற்கு அது 140 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

"புல்லட் ஓட்டுனவர்தானே நீங்க? ஆக்சிலேட்டரை விட்டுட்டுக் கியரைக் குறைச்சா யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்ல, அதேதான்." அப்போது எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. காற்றுவழி மூடிக் கிடப்பதால் பிஸ்டன்கள் மூச்சிழுக்கத் திணறும். அந்தத் திணறல்தான் நமக்கு பிரேக். கியர் சின்னதாக ஆக, பிடியும் இறுகும். டி-யில் விட்டாலோ, பல வண்டிகள் காலை எடுத்ததும் வேலை குறைந்தது என்று நினைத்துப் பெரிய கியருக்குத் தாவிவிடும். சரிவை உணர்ந்து தானே கியர் குறைக்கும் வண்டிகளும் உண்டு. நம்முடையது அந்த ரகமா என்று மலையில் போய்ச் சோதிக்க வேண்டாம்.

சின்ன கியருக்கான எழுத்து வண்டிக்கு வண்டி மாறும். எல், எஸ், 2, அல்லது எம் போட்டு மைனஸ் பக்கம் தட்டுவது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் கியர். நீலகிரியில் 'இரண்டாவது கியர்' என்று பலகை வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் சேர்த்துத்தான்.

"எஞ்சின் கத்துமே, பெட்ரோல் குடிக்காதா?"

எல்லோரும் கேட்பது. இப்போதைய வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டபடி சரிவில் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். கத்துவது சும்மா சத்தம். நியூட்ரலில் இறங்கினால்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும், பிடியும் போச்சு. மேலே வந்து நிற்கும் மெட்ரோ இன்னும் ஒரு படி மேல்: வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் செய்து கொடுத்துவிடுகிறது.

பிரேக் வேண்டாம் என்று அர்த்தமில்லை; வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, உடனே விட்டுவிட வேண்டும். இன்னொன்று: எஞ்சின் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. எண்ணூர் ரோட்டில் முதுகில் கன்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டு வந்தால், பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "கீழ ஒரு எல் இருக்கு தம்பி. மூணு வருஷமா அது லோடு ஏத்துறதுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."