‘யம் செங்’: கிண்ணம் வற்றக் கூடாது

கிண்ணத்தை உயர்த்தும்போது மாண்டரின் மொழியில் ‘கான்பெய்’ என்பர். ‘கிண்ணத்தை வற்றச் செய்’ என்பது அதன் நேர்ப்பொருள். கண்டோனிய மொழியினருக்கு இது உறுத்தும். அவர்கள் வழக்கில் நீர் பணத்தையும் குறிக்கும். வறட்சியோ வெறுங்கையை நினைவூட்டும். கல்லீரலைச் சுட்டும் சொல் ‘வறட்சி’யைப் போலவே ஒலிப்பதால், சமையலில் பன்றிக் கல்லீரலுக்குக்கூட ஈரத்தைக் குறிக்கும் மாற்றுப்பெயர் உண்டு. அதனால்தான் விருந்தில் ‘யம் செங்’ என்கிறார்கள். ‘யம்’ அருந்துதல், ‘செங்’ வெற்றி. விளக்கை அணைப்பதைக் ‘குளிரவைத்தல்’ என்னும் நமக்கு இந்த மங்கல வழக்கு எளிதில் விளங்கும்.

மலேசிய, சிங்கப்பூர்ச் சீனத் திருமணங்களுக்கு அழைக்கப்படும் தமிழருக்கு இச்சொல் பழக்கமானதே. முதற்சொல்லை மூச்சு உள்ளவரை நீட்டி, ‘செங்’ என்று ஒரே வீச்சில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று முறை முழங்குவர். தனியே முணுமுணுத்தால் எடுபடாது. கூட்டத்தோடு சேர்ந்தே ஒலிக்க வேண்டும். இருவர் மட்டும் அருந்துகையில் ‘யம் புய்’ என்பதே இயல்பு.

கிண்ணத்தில் தேநீர் இருந்தாலும் குறையில்லை. மது அருந்தாதவர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பேன். மணமக்களுக்குச் சேர வேண்டியது நம் குரல்தான்.